சேக் அலாவுதீனுக்கு வேண்டிய மோட்டார்

முன்கூடத்தில் எதுவோ கிறீச்சென்று அலறியது. அடுத்த நொடி, கனமான பொருள் தரையில் விழுந்து உடைகிற சத்தம்.

உள் அறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த சேக் அலாவுதீன், கையிலிருந்த ரிமோட்டைப் போட்டுவிட்டு, "மஹ்பூபா! ரேடியோ போச்சா?" என்று கத்தினான்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஓடிவந்தாள். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே உள்ள படியில் ஒரு சாய்வுப் பலகை போட்டிருந்தது. அதன் அடியில் பொம்மை லாரி சக்கரங்கள் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. கருகல் வாசனை வந்தது. பக்கத்தில், அதன் முதுகில் ஏற்றியிருந்த, பழுது பார்க்க வந்த டிரான்சிஸ்டர் மூடி பிளந்து கிடந்தது. அது காரைக்கால்மேட்டு மீனவர் செல்லக்கண்ணு புயல் செய்தி கேட்பதற்கு வைத்திருப்பது.

"வேகத்தப் பாத்தியா மச்சான்! என்னா பாய்ச்சல்!" என்று கூடத்து நாற்காலியிலிருந்து கை தட்டினார் முகைதீன் பிச்சை. மஹ்பூபாவின் அண்ணன் அவர். துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர், லாரிக்கு அந்தப் புது மோட்டாரை வாங்கி வந்திருந்தார்.

அலாவுதீனும் ஒரு காலத்தில் துபாய்க்காரன்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். எண்பத்து மூன்றாம் வருடம் கிரேன் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பெட்டிகளோடு பெட்டியாக அவனையும் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் இந்த லாரி வந்தது. ரிமோட்டில் ஓடுகிற, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. வெள்ளிக்கிழமைகளில் மணலில் ஓட்டி விளையாட ஆசைப்பட்டு வாங்கியது.

நலம் விசாரிக்கத் தெருவே திரண்டு வந்தது. வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வைக்குள் கிடந்த கால்களைப் பார்த்தார்கள். அவனிடம் பேசவில்லை. அவன் தலைக்கு மேலாக மஹ்பூபாவிடம், "சாப்புடுறாரா? தூங்குறாரா?" என்று கேட்டார்கள். போகும்போது தலையணைக்கு அடியில் நோட்டைச் செருகினார்கள். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அடித்தால் திருப்பி அடிக்கலாம். இரக்கப்படுகிறவனை என்ன செய்வது?

அலாவுதீன் வழி கண்டுபிடித்தான். ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் அவனுக்குத் தெரியும். அறை வாசலில், தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கும்படி திரை தொங்கவிட்டான். லாரியின் முதுகில் பலகை பொருத்தினான். வருகிறவர் கூடத்தில் பொருளை ஏற்றுவார். லாரி பலகையில் ஏறி, படி தாண்டி, திரைக்கடியில் நுழைந்து கட்டிலருகே வந்து நிற்கும். வேலை முடிந்ததும் அப்படியே திரும்பிப் போகும். யாரும் உள்ளே வர வேண்டாம். யாரும் கால்களைப் பார்க்க வேண்டாம். அந்தத் தைரியத்தில் மஹ்பூபாவும் காலையில் தையல் வகுப்பு எடுக்கப் போய்வந்தாள்.

இரண்டு வருடம் உழைத்த மோட்டார் தேய்ந்து நின்றது. சுமக்க ஆளில்லாமல் மஹ்பூபா வகுப்பை விட்டாள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்றார்கள். அதனால்தான் அலாவுதீன் தன் குரலைக் கேசட்டில் பதிந்து மச்சானுக்கு அனுப்பினான்: "மோட்டார் ரெண்டு தினுசு மச்சான். கம்பிச் சுத்து கொறஞ்சது பறக்கும், ஆனா பாரம் ஏத்துனா சூடாகிப் படுத்துடும். சுத்து கூடுனது ஆமையாட்டம் போவும், ஆனா இழுக்கும். எனக்கு ஆமைதான் வேணும்."

வந்ததோ பறப்பது.

"நான் பேசி அனுப்புன கேசட்ட கேட்டீங்களா இல்லியா?" என்றான் அலாவுதீன் திரைக்குப் பின்னாலிருந்து.

"கேட்டேன்ப்பா. கடையிலயும் கேட்டேன். அவன் டப்பாகூட இல்லாம, பாலிதீன் கவர்ல கெடந்த ஒண்ண எடுத்துப் போட்டான். கடையிலயே மலிவு அதான். தங்கச்சி வூட்டுக்கு அதயா தூக்கிட்டு வருவேன்? பாக்குறவங்க காறித் துப்ப மாட்டாங்க? இது பந்தயத்துல ஓடுறது, தெரியுமா?"

"பாக்குறவங்களுக்கு வாங்குனீங்களா, எனக்கு வாங்குனீங்களா? கிரேனுக்கு எவனாச்சும் வேகம் பாத்து மோட்டார் போடுவானா?"

"கோவப்படாத, ஒடம்புக்கு ஆவாது." முகைதீன் பிச்சை திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண்கள் நேராகப் போர்வைக்குப் போயின. "ஒனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு? மாசாமாசம் நான் அனுப்புறேன். நீ சும்மா படுத்துக்க."

சும்மா படுத்துக்க! விழுந்த அன்றுகூட அலாவுதீனுக்கு இப்படி வலித்திருக்காது.

கவிழ்ந்த லாரியை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள் மஹ்பூபா. "நானா, இது பொம்மையின்னா நெனச்சீங்க? இது அவரு காலு! இந்தக் காலுதான் இத்தன நாளா கூடத்துக்குப் போயிட்டு வந்துச்சு. அத ஒடிச்சுப் போட்டுட்டு, சும்மா படுன்னு சொல்ல ஒங்களுக்கு எப்புடி மனசு வருது?"

"ஒரு மோட்டாருக்கா அண்ணன்கிட்ட சண்டைக்கு நிக்கிற?"

"செல்லக்கண்ணு அண்ணன் சாயங்காலம் வருவாரு. விடிஞ்சா கடலுக்குப் போறவரு. புயல் சேதி கேக்க ரேடியோ எங்கன்னு கேட்டா, பந்தயத்துக்குப் போயிருக்குன்னு சொல்லவா?"

முகைதீன் பிச்சை கூடத்துக்குப் போய், பிளந்த டிரான்சிஸ்டரை எடுத்துவந்து கட்டிலில் வைத்தார்.

அலாவுதீன் லாரியை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டான். திருகுகளைக் கழற்றினான். மோட்டாரைத் துணியால் பிடித்து உருவி, அதன் பளபளப்பான டப்பாவில் போட்டு நீட்டினான். "சூடா இருக்கு. பாத்துப் புடிங்க."

"தெரியாம பண்ணிட்டேன்ப்பா."

"தெரிஞ்சுதான் பண்ணீங்க மச்சான். வியாழக்கெழம திரும்பிப் போறீங்க. போனதும் அந்தக் கடைக்குப் போங்க. அடுத்த வாரம் ஊருக்கு வர்ற ஆள்கிட்ட குடுத்துவுடுங்க. என்னா வேணும்னு கேப்பீங்க? சொல்லுங்க."

"என்னாப்பா இது, பள்ளிக்கூடத்துப் புள்ளயாட்டம்..."

"சொல்லுங்க."

முகைதீன் பிச்சை தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணில் இரக்கம் இல்லை. "மெதுவா ஓடுறது."

"அப்பறம்?"

"சுத்து கூடுனது. நல்லா இழுக்கறது."

"மலிவா இருந்தா?"

அதற்குத்தான் நேரமாயிற்று. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடையிலயே மலிவா இருந்தாலும் அதான்."

"டப்பா?"

"டப்பா இல்லாட்டியும் பரவால்ல."

"அஞ்சு நிமிஷம் இருங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்று அலாவுதீன் சொல்லவில்லை. மஹ்பூபாவும் சொல்லவில்லை. அவன் பிளந்து கிடந்த டிரான்சிஸ்டரை எடுத்து ஒயர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். முகைதீன் பிச்சை டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டினார். "வரேன்" என்றார் யாரிடம் என்றில்லாமல். தெருவில் இறங்கினார்.

மஹ்பூபா கதவைச் சாத்தினாள்.