நாம்பன் நின்ற கொட்டில்

நாங்கள் இருக்கும் இடத்தை இப்போது சுவிஸிலுள்ள பாடன் நகரத்தின் ஒரு பகுதி என்றுதான் சொல்கிறார்கள். ரயில் நிலையத்தடியில் பஸ் ஏறினால் ஒரு ஏற்றம், பிறகு ஒரு பெரிய சந்தி, பிறகு வரிசையாக மாடிக் கட்டடங்கள். இவ்வளவுதான் என்று நினைக்கும்போது ஒரு வளைவில் திடீரென்று கல்லாலான தண்ணீர்த் தொட்டி ஒன்று, உழவுத் தொழில் செய்த கமக்காரரின் நாலைந்து பழைய வீடுகள், கூரைமேல் ஒற்றை மணியோடு ஒரு சின்னத் தேவாலயம். அந்த வீடுகளும் தொட்டியும் மணியும்தான் ஊர். மற்றதெல்லாம் பிறகு வந்தது. நாங்களும் பிறகு வந்தவர்கள்தான்.

நான் பெரிதாகப் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இந்த ஊரின் சரித்திரத்தைப் படித்ததும் இல்லை, கேட்டும் பார்த்தும் அறிந்ததுதான். இதை எழுத வந்தது என் மனைவி சுவிஸ் பாஸ்போட் எடுக்கப் போன கதைக்காக. ஆனால் தொட்டியைச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

தொட்டிக்குள் ஒரு இரும்புக் குழாயிலிருந்து எந்நேரமும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். மூடித் திறக்க ஒரு திருகும் கிடையாது. பெரிய தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்திலுள்ள சின்னத் தொட்டிக்குப் போகும். அகதிகளாக வந்த புதிதில் எங்களை, ஐந்தாறு இளந்தாரிகளை, இங்கே ஒரு வீட்டில் விட்டிருந்தார்கள். நல்ல வெக்கைக் காலம். இவ்வளவு தண்ணீர் சும்மா ஓடுகிறதே என்று எங்களுக்குப் பொறுக்கவில்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு, வாளியும் சவர்க்காரமுமாகப் போய், இலங்கையில் எங்கள் ஊர்க் கிணற்றடியில் குளிக்கிறமாதிரி நின்று குளித்தோம். எதிர்வீட்டிலிருந்து ஒரு கமக்காரர் வைக்கோல் குத்தி அள்ளுகிற நீள முள்ளோடு வெளியே வந்தார்.

"ஓடுவமோ?" என்றான் ஒருவன்.

"தலை முழுக்க நுரை. கண் தெரியேல்லை. எங்கையடா ஓடுறது?" என்றான் மற்றவன்.

கமக்காரர் கிட்ட வந்தார். என் கையிலிருந்த சவர்க்காரத்தை வாங்கி, சின்னத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். பெரிய தொட்டியைக் காட்டி மாடு குடிக்கிறமாதிரி உதட்டைக் குவித்துக் காட்டினார். சின்னத் தொட்டியைக் காட்டிக் கையைத் தேய்த்துக் காட்டினார். மேலே குடிக்க, கீழே கழுவ. அவ்வளவுதான் சட்டம். பொலிசும் இல்லை, ஏச்சும் இல்லை. உள்ளே போனவர் ஒரு துவாயோடு திரும்பி வந்தார். ஆறு பேருக்கு ஒரு துவாய்.

அந்த மனிதருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். ஒரு காது கேளாது, கையில் தடி. நான் கலியாணம் முடித்து, முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எடுத்து, தொட்டிக்குப் பின்னாலுள்ள மாடிக் கட்டடத்தில் குடிவந்த பிறகு அவர் எங்களுக்கு அயலவர் ஆகிவிட்டார். பின்னேரங்களில் அவர் வீட்டு வாசல் வாங்குப் பலகையில் போய் இருப்பேன். அவர் பேசுவது கிராமத்துச் சுவிஸ் ஜேர்மன், நான் பேசுவது சமையலறை ஜேர்மன். ஆனாலும் கதை நிற்காது.

அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு ஆறு ஓடியதாம். றோட்டுப் போட்டபோது அதைக் குழாய்க்குள் விட்டு மூடிவிட்டார்கள். மழை பெய்து விட்டால் அவர் றோட்டில் தடியால் தட்டி, "கேள், போகுது" என்பார். நானும் குனிந்து கேட்பேன். உண்மையாகவே போகும். தேவாலய மணி பதினொரு மணிக்கு அடிப்பது, வயலில் நிற்கும் பெண்கள் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவதற்காம். இப்போது வயலும் இல்லை, வயலில் பெண்களும் இல்லை. ஆனால் மணி அடிக்கிறது. அதைக் கேட்டு உலை வைக்கிற ஒரேயொரு ஆள் என் மனைவியாகத்தான் இருக்கும். ஊர்க்காரர் காலையும் மாலையும் பால் கொண்டுவந்து ஊற்றிய கட்டடத்தில் இப்போது சைக்கிள் திருத்துகிறார்கள். நாங்கள் வந்த காலத்தில் அங்கே மோர் விற்றதால், எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் அது மோர்க்கடைதான். சைக்கிளை எங்கே திருத்தினாய் என்றால் மோர்க்கடையில் என்பார்கள்.

ஊரை நகரத்தோடு சேர்க்கிறதா என்று ஒருநாள் எல்லாரும் கூடிக் கை உயர்த்தினார்களாம். அவருடைய தகப்பன் வேண்டாம் என்று உயர்த்தினவர். தாய் சேரத்தான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றாராம், நகரத்தோடு சேர்ந்தால் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வரும் என்று. ஆனால் பெண்களுக்கு அப்போது வாக்கு இல்லை. "கடைசியில அம்மா நினைச்சதுதான் நடந்தது. அப்பா சாகுமட்டும் நகரத்தை 'அங்கை கீழை' எண்டுதான் சொல்லுவார்" என்று சிரிப்பார். அவரும் அப்படித்தான் சொல்கிறார். ஒரு ஊர் தன்னையே இன்னொன்றோடு சேர்க்கலாமா என்று இருந்து யோசித்துக் கை உயர்த்தியது எனக்குப் பெரிய காரியமாகப் படும். எங்களைக் கேட்டு யார் எதைச் செய்தார்கள்?

இனி மனைவியின் கதைக்கு வருகிறேன். நானும் பிள்ளைகளும் குடியுரிமை எடுத்தபோது அவள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பகுதியில் மாறி மாறி வேலை. படிக்க நேரமில்லை, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டாள். அந்தப் பிறகு வரவேயில்லை. பிறகு ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய ஒரே தங்கைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறாள். நாட்டை விட்டு வந்தபின் இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. இலங்கைப் பாஸ்போட்டோடு கனடாவுக்கு விசா கேட்டோம், மறுத்தார்கள். திரும்பக் கேட்டோம், திரும்ப மறுத்தார்கள். சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருந்தால் விசாவுக்கு யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. அறுபது வயது தாண்டிய பிறகு அவள் ஜேர்மன் வகுப்புக்குப் போனது அதற்காகத்தான். மொழிச் சோதனையில் ஒருமுறை தவறி, அடுத்தமுறை பாஸ் பண்ணினாள்.

மிச்சம் இருந்தது நேர்முகம். நகரசபையில் ஒரு குழு இருக்கிறது. நாட்டைப் பற்றியும் இருக்கிற இடத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஊரைத் தெரியுமா என்று கேட்டு ஆளை ஊராளாக்குவது எங்கள் ஆட்கள் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது சரியென்றே படும். மகள் ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி நாலு பக்கம் படித்துவிட்டு மூடினாள்.

"இதில ஆக்கள் இல்லை. கல்லும் வருசமும்தான் கிடக்கு. எனக்கு ஏறாது. அந்த மனுசனைக் கேளுங்கோ, எங்களோடை ஒருக்கால் நடந்து காட்டட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். தொட்டியிலிருந்து தொடங்கினார். தேவாலயம், மோர்க்கடை, மூடின ஆறு. பிறகு தடித்த கற்சுவரும் பெரிய வளைந்த கதவுமாக நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு வந்தோம். இப்போது அதில் குழந்தைகளைப் பகலில் பார்க்கிறார்கள்.

"இதிலதான் நாம்பன் நிண்டது" என்றார்.

நாம்பன் என்றால் காளை. அவர் சொன்னது அவர்களுடைய சொல், நான் எங்கள் சொல்லில் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் ஒரே காளையாம். ஒருவரால் வாங்கி வளர்க்கக் கட்டாது என்று எல்லாருமாகச் சேர்ந்து வாங்கி இந்தக் கொட்டிலில் கட்டியிருக்கிறார்கள். பசுவைக் கொண்டுவருகிற ஆள் முறைப்படி காத்து நிற்க வேண்டும்.

"அந்த நேரம் சின்னப் பிள்ளையளை வீட்டுக்குக் கலைச்சு விடுவினம்" என்றார்.

"நீங்களும் போயிடுவியளோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஓம், போவம். சுத்திப் போய் மதிலில ஏறுவம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பணம் உள்ளவன் தனியாகக் காளை வைத்து மற்றவனை ஆட்டிப் படைக்காமல், ஊருக்கு ஒன்று என்று கட்டி வைத்த அந்தப் புத்தி எனக்கு மிகவும் பிடித்தது. வழி நெடுக அதையே கதைத்துக்கொண்டு வந்தோம். கட்டடத்துக்கு வேறு பெயர் இருக்கிறதா என்று கேட்க எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

நேர்முகத்தன்று நான் வெளியே வாங்கில் இருந்தேன். அவள் உள்ளே போய் வெகுநேரம். ஒருமுறை உள்ளிருந்து யாரோ பெண் உரக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது என் மனைவியின் சிரிப்பு இல்லை. வெளியே வந்தவளின் முகம் கறுத்திருந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கேட்டேன்.

"என்ன, எப்பிடி?"

"கதையாதேங்கோ."

இரண்டு பஸ் தரிப்புக் கடந்தபிறகு அவளாகவே தொடங்கினாள்.

"மந்திரிமார் ஏழு பேரெண்டு சொன்னன். வாக்கு எப்பிடிப் போடுறதெண்டு சொன்னன். எல்லாம் நல்லாத்தான் போச்சுது. பிறகு குழுவில இருந்த ஒரு பொடியன் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன கட்டடம், ஏன் முக்கியம் எண்டு கேட்டான்."

"என்ன படம்?"

"என்ன படமோ? உங்கட சிநேகிதன்ர நாம்பன் கொட்டில்தான்!"

"சொன்னீரோ?"

"சொன்னன். இஞ்சைதான் நாம்பன் நிண்டது, ஊர்ப் பசு எல்லாம் இஞ்சைதான் கலியாணத்துக்கு வாறது எண்டு சொன்னன்."

"கலியாணமோ?"

"வேற சொல்லு எனக்குத் தெரியுமே? மொழி வகுப்பில அதெல்லாம் படிப்பிச்சவையோ?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கினேன். அவள் கவனித்துவிட்டாள்.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. அங்கை ஒரு வயசான மனிசி இருந்தவ, அவவும் இப்பிடித்தான் சிரிச்சவ. கண்ணாடியைக் கழட்டித் துடைக்க வேண்டியாப் போச்சுது. பொடியன் சிவந்துபோய்க் கடதாசியைப் பாக்கிறான். அதில வேற மறுமொழி இருக்காம். அந்தக் காலத்தில விளைச்சலில பத்தில ஒண்டை மடத்துக்குக் குடுக்க வேணுமாம், அதைச் சேத்து வைச்ச களஞ்சியமாம். நான் சொன்னன், அதுவும் இருந்திருக்கும், நாம்பனுக்கு முதல் எண்டு."

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"கடதாசியில என்னவோ எழுதினவன். தங்கச்சியைப் பாக்க விடாமல் ஒரு நாம்பன் குறுக்கை நிக்குது, பாருங்கோ."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரம் கமக்காரரிடம் போய்ச் சொன்னேன். நல்ல காதுப்பக்கம் இருந்து மெதுவாகச் சொன்னேன். களஞ்சியமா என்று அவர் திகைத்துப்போனார். "அப்பிடி ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் போயிருந்தாலும் தோத்திருப்பன். நான் இஞ்சை பிறந்தவன்!" என்றார். பிறகு எழும்பித் தொப்பியை எடுத்தார். அங்கே கீழே போய் அவர்களோடு கதைக்கப் போகிறாராம். நகரசபை அந்நேரம் பூட்டியிருக்கும் என்று சொல்லி இருத்தப் பெரும்பாடு பட்டேன்.

மறுநாள் அவர் ஒரு பை நிறைய வால்நட் கொட்டைகளோடு வந்து எங்கள் கதவடியில் நின்றார். என் மனைவி அவரைக் கோபிக்க நினைத்திருந்தாள். ஆனால் அந்த மனிதர் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ர தப்பு" என்று நின்றால் யாரால் கோபிக்க முடியும்? தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். தங்கையின் நிலைமையையும் சொன்னாள். அவர் தங்கையின் வயதைக் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

அதன்பின் காத்திருப்பு. கனடாவிலிருந்து தொலைபேசி அடித்தாலே அவள் முகம் வெளிறிவிடும். தங்கை ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தாள், திரும்பி வந்தாள். "அக்கா, அவையள் உன்னைப் பாஸ் பண்ணிவிட்டவையோ?" என்று தங்கை கேட்பது நகரசபைக் குழுவைப் பற்றி. எங்கள் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். காளை கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாளாம், மருந்தூசி ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும்போது.

குளிர் முடிகிற காலத்தில் ஒருநாள் தொட்டியடியில் அந்த வயதான பெண்மணியைக் கண்டோம். குழுவில் இருந்து சிரித்தவர். இந்த ஊர்ப் பழைய குடும்பத்துப் பிள்ளையாம், தேவாலயத்துக்கு வந்திருந்தார். என் மனைவி ஒதுங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"குழுவில நடந்ததை நான் சொல்லக்கூடாது" என்றார். "ஆனா ஒண்டு சொல்லுறன். என்ர அப்பா எங்கட பசுவைக் கொண்டுபோகேக்கை, அம்மா என்னைப் பேக்கரிக்குப் பாண் வாங்க அனுப்பிப்போடுவா. வீட்டில பாண் இருக்கும். எண்டாலும் அனுப்புவா. ஏனெண்டு எனக்கு விளங்கக் கனவருசம் எடுத்தது."

அவ்வளவுதான் சொன்னார். என் மனைவியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் நகரம், மாநிலம், நாடு என்று ஒவ்வொரு படியாக ஏறத்தான் வேண்டியிருந்தது. ஒரு கோடையின் தொடக்கத்தில் பாஸ்போட் வந்தது. அவள் அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்தாள். நல்லா இல்லை என்றாள். பிறகு அங்கே என்ன நேரம் என்றுகூடப் பாராமல் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எடியே, கிடைச்சிட்டுது. இனி விசா கேக்கத் தேவையில்லை."

மறுபக்கம் தங்கையின் குரல், நித்திரையும் அழுகையுமாக.

"பொய் சொல்லாதை."

"கையில வைச்சிருக்கிறன்."

"செவ்வாய், வியாழன், சனி எனக்கு ஆஸ்பத்திரி. மற்ற நாளில வந்து இறங்கு அக்கா. ஏயார்போட்டுக்கு நான்தான் வருவன்."

என் மனைவி என் பக்கம் திரும்பி, புதன்கிழமைக்கு ரிக்கற் போடச் சொன்னாள்.