பொம்மையின் இடுப்பு

எங்கள் தையல்கூடத்தில் அவளுக்குப் பெயர் அளவக்கா. அவளுடைய வேலை நிற்பது. கட்டிங் மாஸ்டர் புதிதாக வெட்டும் ஒவ்வொரு கவுனையும் பாவாடையையும் கோட்டையும் முதலில் அவள் உடம்பில்தான் போட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்கு, குனி, உட்கார் என்பார் மாஸ்டர். அவளுக்குச் சரியாக இருந்தால்தான் மற்ற அளவுகளுக்குத் துணி வெட்டுவார்கள். எங்கள் உடுப்பில் நடு அளவு என்றால் அது அளவக்காவின் உடம்பு.

அவள் வேலைக்கு வந்த புதிதில், மெல்லிய சட்டை போட்டு நிற்கவைத்து, மேலே ஈரக் காகிதக் கீற்றுகளை ஒட்டிக் காயவைத்து, முதுகுப் பக்கம் கீறிக் கழற்றி ஒரு பொம்மை செய்தார்கள். தலை இல்லை, கை இல்லை. மேலே சாம்பல் நிறத் துணியுறை, முதுகில் கொக்கிகள். அவள் வராத நாளில் உடுப்பைப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பார்கள். ஜன்னலோரம் ஒற்றை இரும்புக் காலில் நிற்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பொத்தான் தைப்பேன். அதனால் எனக்கும் பெயர் பொத்தான். எனக்கு அதிகம் பேச வராது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

அளவக்கா ஐம்பதை நெருங்கியபோது முதலில் அவளுடைய செருப்பு மாறியது. வார் வைத்ததை விட்டுவிட்டு, வீட்டுக்காரருடைய அகலச் செருப்பில் வந்தாள். பிறகு அவள் அம்மாவின் மோதிரம் விரல் சதைக்குள் புதைந்தது. காலையில் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். சாப்பிட்ட பிறகு வயிறு மேளம்போல் இறுகும். மாதாமாதம் வருவது சில மாதம் வராமல் போக்குக் காட்டிவிட்டு ஒரேயடியாகக் கொட்டும். பேசிக்கொண்டிருப்பவள் திடீரென்று கழுத்தெல்லாம் வேர்த்து ஜன்னலைத் திறப்பாள்.

இஸ்திரி போடும் அக்கா இதையெல்லாம் தாண்டி வந்தவள். "என்னடி, இஸ்திரிப்பெட்டி என்கிட்ட இருக்கு, ஆவி உன் தலையில வருது?" என்று சீண்டுவாள். "எனக்கு அந்த வயசுல ராத்திரி ஒரு ஆளாப் படுத்து காலைல ரெண்டு ஆளா எந்திரிப்பேன். எங்க வீட்டுக்காரர், யாரும்மா நீங்கன்னு கேப்பாரு."

எல்லோரும் சிரிப்போம். அளவக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போனால் திரும்பி வர நேரமாகும். ஒருநாள் நான் கை கழுவப் போனபோது கதவு சாத்தாமல் இருந்தது. கவிழ்த்த வாளியின்மேல் காலை வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். விரலை எடுத்தாள். அங்கே ஒரு சின்னக் குழி. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாத, பொத்தான்."

நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே மற்றதையும் சொன்னாள். அவள் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் கால் வீங்கியது. சாயங்காலம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்தால், இவளும் தம்பியும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார்கள். குழிக்குள் ஆளுக்கொரு சட்டைப் பொத்தானை வைப்பார்கள். குழி மேலே வரவர பொத்தான் வழுக்கி விழும். யாருடையது கடைசியில் விழுகிறதோ அவருக்குத்தான் ஜெயம். "கூசுது, விடுங்கடா" என்று அம்மா சிரிப்பாள். வயசானா உடம்பு ஊதத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசி மாதங்களில் பொத்தான் விழவே இல்லை. சிறுநீரகம் என்ற வார்த்தையை அம்மா போன பிறகுதான் வீட்டில் முதன்முதலாகக் கேட்டாள்.

"டாக்டர்கிட்ட போங்கக்கா" என்றேன்.

"போனா சொல்லிடுவாங்கல்ல?" என்றாள்.

அதன் பிறகு உடுப்பு போட்டுப் பார்ப்பதைக் காலையிலேயே முடித்துவிடச் சொன்னாள். சாயங்காலம் என்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாஸ்டர் ஊசி குத்திக்கொண்டே போவார். ஒன்றும் கேட்கமாட்டார்.

பிறகுதான் பொம்மை விஷயம் தொடங்கியது. பல வருடமாக அதற்குக் கச்சிதமாக இருந்த மாதிரிப் பாவாடை ஒன்று உண்டு. ஒருநாள் அதைப் பொம்மைக்குக் கட்டப் போன அளவக்கா அப்படியே நின்றாள். கொக்கி எட்டவில்லை. சில நாளில் இடைவெளி இன்னும் விரிந்தது. பிறகு ஒரு காலையில் அதே பாவாடை தாராளமாக எட்டியது. மறுபடி இறுகியது.

பொம்மைக்கு முதுகைக் காட்டி நிற்பதை அவள் விட்டுவிட்டாள். சாப்பிடும்போதும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்தாள். ஒரு சாயங்காலம் என் காதருகே வந்து, "பொத்தான், அது வீங்குது" என்றாள்.

"எது அக்கா?"

"எனக்கு வீங்குற அன்னிக்கெல்லாம் அதுக்கும் வீங்குது. அது நான்தான்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். இல்லடி. எங்கம்மா."

ஊசி என் விரலில் ஏறியது. அவளைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்தச் சாம்பல் உறை வயிற்றுப் பக்கம் உப்பி நிற்பதை நானும் பார்த்திருந்தேன். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, கீழே இரும்புக் கடையில் கொடுத்துவைக்கும் தையல்கூடச் சாவியை வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் எல்லோருக்கும் முன்னால் மேலே போனோம். அளவக்கா பொம்மையின் முதுகுக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உறை விலகியதும் உள்ளே தெரிந்தது பஞ்சு. இடுப்பைச் சுற்றி, வயிற்றின்மேல், மார்புக்குக் கீழே, பட்டை பட்டையாக அடுக்கி நூலால் இழுத்துக் கட்டிய பஞ்சு.

படியேறி வந்த மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கையிலும் ஒரு பட்டை இருந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

அவர் பஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கற. அந்த அளவுல வெட்டுனா வாங்கறவங்களுக்கு மூச்சு முட்டும். பொம்பளப்புள்ளகிட்ட எப்படிக் கேக்கறது? அதான் கண்ணளவுல பொம்மைக்கு ஏத்தி, அத வச்சு வெட்டிக்கிட்டிருந்தேன்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

பின்னாலேயே வந்த இஸ்திரி அக்கா, "பட்டை தச்சுக் குடுத்ததே நான்தான்டி" என்றாள். "நீ ராணுவ ரகசியம் மாதிரி வச்சிருந்த. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டோம்."

அளவக்கா சிரிக்கவில்லை. "நான் தெனம் செத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "எங்கம்மா வந்து நிக்கறாங்கன்னு..."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தன்மேல் பழி வராமல் இருக்கச் சொல்பவர்போலச் சொன்னார்: "சும்மா ஏத்திக்கிட்டே போகலம்மா. எடுத்தும் இருக்கேன். போன வாரம் பாதிய உருவிட்டேன். உனக்கு ஏறுது, எறங்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எறங்குதா?"

"எறங்குது. அதான சொல்றேன்."

அவள் அம்மாவுக்கு இறங்கியதே இல்லை. அன்றைக்கே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா காலை அழுத்தியபோது அளவக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரத்த அழுத்தம் பார்த்து, ஈசிஜியும் எடுத்தார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். விரலில் புதைந்த மோதிரத்தை நர்ஸ் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார். முடிவு வருவதற்குள் அவள் பாதியாகிவிட்டாள், வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"சிறுநீரகம் நல்லா இருக்கு, இதயமும் நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மாதவிடாய் நிக்கற நேரத்துல நெறைய பேருக்கு இப்படி உப்பும், வயிறு ஊதும். உப்பக் கொறைங்க. நடங்க. படுக்கும்போது காலைத் தலையணை மேல வைங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ஒடனே வரணும். நாள் முழுக்க ஒரே எடத்துல நிக்காதீங்க."

"என் வேலையே நிக்கறதுதான் டாக்டரம்மா."

மாஸ்டர் ஒரு முக்காலி வாங்கிப் போட்டார். இப்போது உடுப்பைக் காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் போட்டுப் பார்க்கிறார்கள். பஞ்சை எடுக்க வேண்டாம் என்று அளவக்காவே சொல்லிவிட்டாள். மாதிரிப் பாவாடைகளுக்குப் பின்பக்கம் எலாஸ்டிக் வந்துவிட்டது. இஸ்திரி அக்கா பொம்மையை, "உன் தங்கச்சி" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம் மற்றவர்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நூல்கண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அளவக்கா பையைத் தோளில் மாட்டியபடி பொம்மையின் முன்னால் நின்றாள். வயிற்று மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். என் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து அந்தக் குழியில் வைத்தாள்.

காத்திருந்தாள். கீழேயிருந்து கூப்பிட்டார்கள். பஞ்சு பஞ்சாகவே இருந்தது. பொத்தான் விழவில்லை.

கடைசியில் அவளே அதை எடுத்து, உறையைத் தட்டிக் குழியை நிமிர்த்தினாள். பொத்தானை என் டப்பாவில் போட்டுவிட்டு, "வா, போலாம்" என்றாள்.

எது அந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். இன்னும் அதை எந்த உடுப்பிலும் தைக்கவில்லை.