குதிரைக்குக் கேட்கும்படி

நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரி டவுனில். வீட்டின் முன்பக்கத்தில் அத்தா, அதாவது என் அப்பா, தையல்கடை வைத்திருந்தார். உள்ளே நாங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், மிஷின் நின்றுவிடும். அத்தா திட்ட மாட்டார். மிஷின் மறுபடி ஓடும்வரை நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம். பால்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டித்தான் நிறுத்துவோம். அப்படி வளர்ந்தவள் நான்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் மொரப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அதன் கொட்டகை. சோறு பொங்கும்போதெல்லாம் அதன் மூத்திர வாடைதான் வரும். எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் ஒன்றும் இருந்ததில்லை. அவர் வெளியில் வண்டியோடு நின்றால் ராஜா மாதிரி இருப்பார், அது மட்டும் பிடிக்கும்.

நான் போன இரண்டாவது கோடையில் குதிரையின் வலது கண்ணில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. வெயிலில் நிறுத்தினால் அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். ஓரமெல்லாம் பீளை, ஓயாமல் ஈ. கூட வண்டி ஓட்டுபவர் ஒருவர் புகையிலையை மென்று கண்ணில் துப்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே செய்தார். குதிரை போட்ட சத்தத்தில் நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். அன்றிலிருந்து இவர் கை முகத்துக்கு நேராக வந்தாலே அது பின்னால் நகர்ந்துவிடும்.

கண் இன்னும் வீங்கிய பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பாய், இது மேல பட்ட அடி இல்லீங்க. கண்ணுக்கு உள்ளாரயே வீக்கம். கொறையும், மறுபடியும் வரும். நெழல்ல கட்டுங்க. வேற எதையும் கண்ணுல ஊத்தாதீங்க."

சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்தார். பகலெல்லாம் இவர் ஸ்டாண்டில் இருப்பார். அங்கே வைத்துப் போடலாமென்றால் இவர் கைக்கு அது நிற்காது. அதனால் வண்டியை அவிழ்க்கும் நேரமெல்லாம் மருந்து போடுவது என் வேலையாயிற்று. முதலில் தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். சும்மா நின்றால் இறக்காது. பேசினால் இறக்கும். என்ன பேசுவது? உப்பு தீர்ந்துவிட்டது, கீரையில் மண் இருந்தது, அம்மா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். கொட்டகைக்குள்தானே, யாருக்குக் கேட்கப் போகிறது? உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பீளையைத் துடைத்து, இமையை விலக்கிச் சொட்டு விடுவேன். கொஞ்சநாளில் என் சத்தம் கேட்டாலே தலையைத் தாழ்த்தி என் தோளில் மோவாயை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

ஆனாலும் கண் வெளுத்துக்கொண்டே வந்தது. நீலமும் வெள்ளையுமாகப் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகி, அந்தப் பக்கம் பார்வை போய்விட்டது. இவர் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை.

ஒருநாள் ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ரோட்டின் வலது பக்கம் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றிருந்தது. குதிரைக்குத் தெரியவில்லை. சக்கரம் மாட்டி, வண்டி சாய்ந்து, பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா சாக்கடைக்குள் விழுந்துவிட்டார்கள். நல்லவேளை, அடி பலமில்லை. அந்த அம்மா சேறும் சேலையுமாக எழுந்து நின்று, ஸ்டேஷன் ஜனம் மொத்தமும் பார்க்க, "குருட்டுக் குதிரையப் பூட்டிக்கிட்டு ஆளுங்கள ஏத்தறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து குதிரையை அவிழ்த்துக் கட்டினார். சேணத்தைப் பரண்மேல் போட்டார். அதன்பிறகு ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. தர்மபுரியில் ஒரு புளி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். முதல் பஸ்ஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். வந்ததும் கொட்டகைப் பக்கம் திரும்பாமல் உள்ளே வந்துவிடுவார்.

மழைக்காலம் முடிந்ததும் இடது கண்ணிலும் தண்ணீர் வந்தது. டாக்டர் தினமும் கூட்டிவரச் சொன்னார், ஊசி போட வேண்டும் என்றார். இவர் என் முகத்தைப் பார்க்காமல், "நீ இட்டுக்கிட்டுப் போ" என்றார்.

"நானா? பஜார் வழியாவா?"

"வேற வழி ஏது?"

எங்கள் வீட்டிலிருந்து மாட்டாஸ்பத்திரிக்குப் பஜாரைத் தாண்டித்தான் போகவேண்டும். வெளிச்சம் படாமலிருக்க, கிழிந்த குடைத்துணியை வெட்டிக் கண்ணுக்கு மறைப்பு தைத்துக் கட்டினேன். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். வாசலைத் தாண்டியதும் குதிரை நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசையவில்லை. காது மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பியது. என்னைத் தேடுகிறது என்று புரிந்தது.

மெதுவாக, "வா" என்றேன். பஸ் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "வா, வா" என்றேன். முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு ஆள் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். குதிரையின் முகத்தில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்த யாரோ, "பாய் வூட்டுல குதிரயும் கோஷா போட்டுக்கிச்சுடோய்" என்றான். அதற்கும் சிரிப்பு. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் நான் வாயை மூடினால் குதிரை நின்றுவிடுகிறது. நடு ரோட்டில் நின்றால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் பேசிக்கொண்டே போனேன். "பாத்து வா. பள்ளம் இருக்குது. இந்தப் பக்கம் வா." கடைவீதி முழுக்க இப்படியே.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்கம்மா. கொரலுக்கு இப்படி வர்ற குதிரய நான் பாத்ததில்ல." அங்கே மாடு பிடித்துக்கொண்டு நின்ற குடியானவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டுதான். எனக்கு அதுவும் சேர்ந்து கூசியது.

அந்தக் கண்ணும் தங்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது டாக்டர், "வலி போயிடுச்சும்மா. இனி மருந்து வேணாம், பார்வையும் வராது. கட்டியே போடாதீங்க, காலு கெட்டுடும். தெனமும் நடத்துங்க" என்றார். புகையிலை யோசனை சொன்ன அதே வண்டிக்காரர் வீட்டுக்கு வந்து, "எங்கியாச்சும் ஏரிப் பக்கம் அவுத்து வுட்டுட்டு வந்துடு பாய். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார். உள்ளே நின்றிருந்த நான், இவர் சரியென்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆகவே ஊசி நின்ற பிறகும் என் ஊர்வலம் நிற்கவில்லை. காலையில் ஏரிக்கு ஓட்டிப்போய்ப் புல் மேயவிட்டுத் திரும்புவேன். ஒரு சந்தை நாள். வரும் வழியில் பஜாரில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. குதிரை மிரண்டு நடுத்தெருவில் நின்றுகொண்டது. முன்னால் மாட்டு வண்டி, பின்னால் பஸ். கண்டக்டர் கதவைத் தட்டுகிறார். நான் கூப்பிடுவது அந்த இரைச்சலில் அதற்கு எட்டவில்லை. தொண்டை கிழியும்படி, "இங்க இருக்கேன்! இந்தப் பக்கம் வா! வா!" என்று கத்தினேன். துப்பட்டி தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை இல்லை.

பஸ் ஜன்னலில் அத்தா இருந்தார்.

என்னைப் பார்க்கத்தான் தர்மபுரியிலிருந்து வந்திருந்தார். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். நான் குதிரையை ஓரம் கட்டுவதற்குள் அத்தா பின்பக்கமாக இறங்கி, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, சந்து வழியாகப் போய்விட்டார். பார்க்காத மாதிரி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும், "தண்ணி குடும்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கத்தியதில் எனக்குக் குரலே வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருட்டி இவர் வரும்வரை அத்தா காத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாப்ள, இன்னிக்குப் பஜார்ல எம் பொண்ணு சத்தம் பஸ்ஸுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சுங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகவா, எனக்குத் தெரியவில்லை. இவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் இவர் காது சிவந்திருந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

மறுநாள் காலை இவர் முதல் பஸ்ஸுக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். குதிரை வாடையிலேயே ஆளைக் கண்டுகொண்டு பின்வாங்கிச் சுவரோடு ஒட்டியது. "ஹே" என்று கூப்பிட்டார். ஒருகாலத்தில் ஸ்டேஷன் வாசல் முழுக்கக் கேட்ட குரல், அன்றைக்குத் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கொஞ்சநேரம் முயன்றுவிட்டு என்னிடம் வந்து, "எங்கிட்ட வரமாட்டேங்குது. நீயே கூப்புடு. நானும் கூட வர்றேன்" என்றார்.

அப்படித்தான் பஜாரில் போனோம். நான் முன்னால் பேசிக்கொண்டே, இவர் குதிரைக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி. ஸ்டேஷன் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அது இவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். பல மாதம் கழித்துத்தான் குதிரை இவர் கையிலிருந்து வெல்லம் தின்றது. அதன்பிறகும் வழி சொல்ல என் குரல்தான் வேண்டியிருந்தது.

இரண்டு மழைக்காலம் தாண்டி, ஒருநாள் வயிற்றுவலி வந்து படுத்தது. டாக்டர் வந்து பார்த்தும் எழவில்லை. ஏரிக்குப் பக்கத்திலிருந்த புறம்போக்கில் புதைத்தார்கள். குழி வெட்ட டீக்கடைக்காரரும் மண்வெட்டியோடு வந்தார். என்னைக் கண்டு சிரித்தவர்களில் அவரும் ஒருவர். வேலை முடிந்து, கைகால் கழுவத் தண்ணீர் வாங்க எங்கள் வாசலுக்கு வந்தவர் சொன்னார்: "பாயம்மா, தெனமும் காத்தாலே உங்க சத்தம் கேட்டாத்தாங்க நாங்க ரெண்டாவது பாலு காச்சுவோம். இனிமே நேரமே வெளங்காதுங்க."

மனதார, அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வரும்போதும் போகும்போதும் நான் பேசியதையெல்லாம் தெரு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இன்னாரிடம் சண்டை, இன்ன குழம்பு, அம்மா ஞாபகம் என்று வழி நெடுக எதையெல்லாம் சொன்னேனோ. சொம்பை அவர் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு, துப்பட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் கை கழுவும் சத்தம் நின்றது. சொம்பை வைத்துவிட்டு, "வரேனுங்க" என்றார். நான் கைதட்டிப் பதில் சொன்னேன்.