பர்னபாசின் குண்டான்

பத்து. இந்த எண்ணை மறக்காதீர்கள். பர்னபாசை மறந்தாலும் பரவாயில்லை.

எங்கள் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜின் நெற்றியில் அந்தப் பத்தை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் ஏறக்கூடாது. நாங்கள் ஏறினோம். ஷிப்டுக்கு இருபது பேர். முதல் நடையில் இறங்கினவனுக்கு முழுக்கூலி. அடுத்த நடையில் வருகிறவன் லேட், அவனுக்கு அரைக்கூலி. எங்களை யாரும் தள்ளவில்லை. நாங்களாகவே முதல் நடையில் பதினாலு பேர் அடைந்துகொண்டோம். 1899 மழைக்காலத்தில் இன்பராஜ் கேஜின் விளிம்பில் தொங்கிக்கொண்டு போனான். ஷாப்ட் குழியின் பக்கத்து மரத்தில் தலை இடித்துச் செத்தான்.

நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். ‘சகோதரர்களே’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். சுரங்கத்தில் முட்டு மரம் அடிக்கும் வேலை பார்த்த பர்னபாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“நல்லா கீது. யாருப்பா படிப்பா?”

மறுவாரம் அவர் ஷிப்டுக்கு ஒரு குண்டானோடு வந்தார். கல்யாணச் சமையலுக்கு ஆகும் அளவு. வாயில் துணி கட்டியிருந்தது. முதல் ஆளாகக் கேஜில் ஏறி, நடுவில் அதை இடுப்புயரத்துக்குத் தூக்கிப் பிடித்து நின்றார்.

“தள்ளி நில்லுங்கப்பா. ரசம். கொதிக்குது.”

வெற்றுடம்போடு நின்றவர்கள் ஒதுங்கினார்கள். பத்துக்கு மேல் ஒருவனும் ஏறவில்லை.

“யோவ், இன்னும் நாலு பேர் ஏறுங்கடா!” என்று கத்தினார் மேஸ்திரி ஏசுபாதம்.

“நீங்களே வாங்க மேஸ்திரி. வேட்டில கொட்டிச்சின்னா என்னைக் கேக்காதீங்க.”

பாதி ஷிப்டு இரண்டாம் நடையில் இறங்கியது. பாதிப் பேரை லேட் என்று போட்டால் மேலே இருக்கும் துரை ஏசுபாதத்தைத்தான் கேட்பார். அரைக்கூலி வழக்கம் அதோடு ஒழிந்தது. கூலி போகாது என்றாலும் ஆட்கள் முண்டியடிக்கும் பழக்கத்தை விடவில்லை. அதனால் குண்டானும் தினம் வந்தது.

எனக்கு ஒரே குடைச்சல். பர்னபாஸ் ஒண்டி ஆள். ஷிப்டு முடிந்தால் ஷாப்ட் வாசலில் வெங்கடம்மா கடைக் களிதான் சாப்பாடு. கீழே அவர் குண்டானைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“அதுல இன்னாதான் கீது?”

“ரசம்.”

“ஒரு வாய் குடேன்.”

“ஆறட்டும்பா.”

மூன்று வருஷம் அது ஆறவில்லை.

பர்னபாஸ் நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தார். காலையில் கல்லறையில் மண் போட்டுவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். குண்டான் மூலையில் இருந்தது. துணியை அவிழ்த்தேன். உள்ளே பூசின ஈயம் புதுசு போலப் பளபளத்தது. ஒரு கரண்டிக் கீறல்கூட இல்லை.

வெங்கடம்மா வாசலில் நின்று சிரித்தாள். “இன்னா அண்ணே, இது தெரியாதா? வெறுங்குண்டான். எனக்கே முதல் நாள்லருந்து தெரியும்.”

ரசமில்லை, சரி. இனி ஷிப்டு எப்படி இறங்கும்? மத்தியானம் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஷாப்டுக்கு ஓடினேன். கேஜ் நிற்கிறது. ஏசுபாதம் கத்துகிறார். நடுவில் எங்கள் ஷிப்டு ஆள் தங்கவேலு, கையில் வாய்கட்டிய ஒரு பெரிய சட்டி.

“இன்னாடா அது?”

“ரசம் மேஸ்திரி. கொதிக்குது.”

கம்பிக்குள் கைவிட்டுச் சட்டியைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. தங்கவேலு என்னைப் பார்க்காமல் மேலே பார்த்தான். கதவு விழுந்து மூடியது. உள்ளே இருந்த தலைகளை எண்ணினேன்.

பத்து.