கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கும்பம்

அப்பா வேலை செய்த இடத்தில் செயற்கைக் கல் வார்த்தார்கள். சீமெந்தையும் கல்தூளையும் குழைத்து அச்சில் ஊற்றினால் படிக்கட்டும் யன்னல் விளிம்பும் வந்துவிடும். டோர்ட்மண்டில் பாதி வீடுகளுக்கு என் அப்பாதான் படி போட்டவர் என்று வகுப்பில் அளந்து விட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முதலாளி அப்பாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய அட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய பூட்டனார் தொழில் தொடங்கிய காலத்தில், செப்புத் தகட்டில் கீறி அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த விளம்பர அட்டையாம். அதற்குமேல் அவர் சொன்ன ஜெர்மன் அப்பாவுக்கு விளங்கவில்லை. வழக்கம்போல "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அடியில் இருந்த கொக்கி கொக்கியான பழங்கால எழுத்தை, ஜெர்மன் பள்ளியில் படித்த என்னாலும் வாசிக்க முடியவில்லை.

படத்தைப் பார்க்க எழுத்து எதற்கு? ஒரு பெண் அமர்ந்திருந்தாள். காலடியில் சிங்கம். பக்கத்தில் பீடத்தின்மேல் துணி சாத்திய பெரிய குடம், அதன் வாயில் மாவிலையும் தேங்காயும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, இது அம்மாளெல்லோ! சிங்கத்தோட, கும்பத்தோட வீடு தேடி வந்திருக்கிறா."

கல் விற்கிற கடையின் அட்டையில் அம்மாளுக்கு என்ன வேலை என்று அப்பா கேட்கவில்லை. வீட்டில் சமாதானம் முக்கியம். அட்டை சாமியறைக்குப் போய்ச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டது.

அம்மாவுக்கு அப்போது ஒரேயொரு வேண்டுதல்தான். ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்ட மாமா, அம்மாவின் ஒரே தம்பி, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய படம் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் ஆசையாய் அதற்கு ஒரு செவ்வந்திப் பூ வைத்தேன். அம்மா பாய்ந்து வந்து பூவைப் பிடுங்கி, என் முதுகிலும் ஒன்று போட்டார்.

"உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்கு ஆரும் பூ வைப்பினமோ?"

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அட்டையின் முன்னால் மட்டும் பூ வைத்து, மாமா வரவேண்டும் என்று நானும் கும்பிட்டேன்.

வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வடையைப் புகழ்ந்தார், உறைப்பில் மூக்கைச் சிந்தினார், பிறகு அட்டையை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா பெருமையோடு சாமியறைக் கதவைத் திறந்தார்.

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பிறகு கண்ணாடியில் விரல் வைத்து அந்தக் கொக்கி எழுத்துகளை வாசித்துக் காட்டி, படத்தையும் விளக்கினார். படித்த பிள்ளை என்ற பெருமையில் நான் அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

"கல்லறைக்கு வைக்கிற கல்லுகளாம், அம்மா. அந்தப் பொம்பிளை செத்தவைக்காக அழுறாவாம். சிங்கம் கல்லறைக்குக் காவலாம். குடம் செத்தவையின்ர சாம்பல் போட்டு வைக்கிறதாம். மேல இருக்கிறது மாவிலையும் தேங்காயும் இல்லையாம், நெருப்பாம்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. இத்தனை மாதமும் சாம்பல் குடத்தின் முன்னால் நின்றுதான் மாமாவைத் திருப்பித் தா என்று கேட்டிருக்கிறோம்.

"ஐயோ, என்ர கையாலயெல்லோ பொட்டு வச்சனான்!" அம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். முதலாளி திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். சப்பாத்து நாடாவைக் கூடக் கட்டாமல் படியிறங்கிப் போனார்.

"தாரும், நான் கொண்டுபோய்க் கெல்லருக்குள்ள போடுறன்," என்று அப்பா கை நீட்டினார். நிலவறைக்குள் போனது எதுவும் எங்கள் வீட்டில் திரும்பி வந்ததில்லை. அம்மா கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் அம்மா அட்டையை எடுத்து, கண்ணாடியில் இருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தார். கூடத்துக்குக் கொண்டுவந்து மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"அவனுக்கு ஒரு கல்லாவது இருக்கட்டும்."

பிறகு ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து மாமாவின் படத்தில் வைத்தார். அப்பா ஏன் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இனி அடி விழாது என்று தெரிந்ததும் ஓடிப்போய், இருந்ததில் பெரிய பூவாகப் பார்த்து எடுத்துவந்து மாமாவுக்கு வைத்தேன். அம்மா தடுக்கவில்லை.