கறுப்புச் சாயம் சுரண்டிய டிரான்சிஸ்டர்கள்

அந்த அட்டவணைப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள கையெழுத்து முழுக்க என்னுடையது.

எழுபதுகளின் நடுவில், கொல்லங்கோட்டில் ஒரு ரேடியோக் கடையின் பின்னறையில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறு காலைகளில் கூடுவோம். சங்கம் என்று சொல்லிக்கொண்டோம். கடைக்காரர்தான் செக்ரட்டரி. நான் எலப்புள்ளியிலிருந்து சைக்கிளில் போவேன். கரண்டாபீஸில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை எனக்கு. அதனால் அளவு பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர்.

கோயமுத்தூர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய உடைந்த ரேடியோப் பலகைகள் வந்தன. அதிலிருந்த டிரான்சிஸ்டர்களைக் கழற்றினோம். புளியங்கொட்டை அளவுக் கண்ணாடிக் குப்பிகள், மேலே கறுப்புச் சாயம். நம்பர் அழிந்துபோயிருந்தது. எது நல்லது, எது சொத்தை என்று தெரியாது. ஒவ்வொன்றையும் அளந்து, எண் போட்டு, அட்டவணையாக அச்சடித்து, பொள்ளாச்சி வரைக்கும் உள்ள ரேடியோப் பைத்தியங்களுக்குக் கொடுப்பது என்று முடிவு. முக்கியமாக அளந்தது கசிவு. நிறுத்தி வைத்திருக்கும்போதே கள்ளத்தனமாக ஓடுகிற மின்சாரம் அது. குறைவாக இருந்தால் நல்ல சரக்கு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அளந்தவர் பெயர் வரும்.

சாயம் உரிந்து அசிங்கமாக இருக்கிறது, எண் எழுதி ஒட்டினால் காகிதமும் நிற்கவில்லை என்றார் செக்ரட்டரி. எல்லோரும் பிளேடால் சுரண்டினோம். குப்பிகள் பளபளவென்று ஆயின. அந்தச் சாயத்தை எவனோ ஒரு காரணத்துக்காகத்தானே பூசியிருப்பான் என்று எட்டு மண்டையில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

ஆளுக்கு நாற்பது பிரித்துக்கொண்டோம். ஏழு பேர் கடையின் பின்னறையிலேயே, நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் அளந்தோம். எட்டாவது ஆள் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். ரேடியோவைத் தானாகவே பிரித்துப் பிரித்துக் கற்றவர். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது எனக்கு அவர் 'அவன்'தான், என்னைவிட ஆறு வயது மூத்தவராக இருந்தும். ராத்திரி ஷிப்டு முடித்து வந்து பகலில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அளந்தார். வீட்டில் கரண்ட் இல்லை. உள்ளே இருட்டில் மீட்டர் முள் தெரியாது.

புத்தகம் வந்தால் அதை மில் முதலாளியிடம் காட்டி, மூட்டை தூக்குவதிலிருந்து மோட்டார் பார்க்கிற வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இடுப்பு அப்போதே பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது அவருக்கு.

அவருடைய அளவுகள் வந்தன. அவர் வாசித்துக்காட்டிய வரிசையில் எங்களுடையதைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு கசிவு. நாற்பதும் சொத்தை என்று சொல்லும்படி.

"ஏப்பா, பேட்டரியத் திருப்பிப் போட்டுட்டியா?" என்றார் செக்ரட்டரி.

"இல்லீங்க. அது என்னமோங்க, வெயில்ல வெச்சா முள்ளு ஏறுதுங்க. மேகம் மறைச்சா எறங்கிப்போகுது. அதனால ரெண்டு விதமாவும் எழுதியிருக்கறனுங்க. இக்கட்ட வெயிலு, அக்கட்ட துண்டப் போத்துன நெழலு."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வரிசை, கோணல் கோடு போட்டுப் பிரித்திருந்தது.

"டிரான்சிஸ்டரு மேகத்துக்குப் பயப்படுதாமா!" என்று செக்ரட்டரி சிரித்தார்.

"கொடை ஒண்ணு வாங்கிக் குடுக்கோணும் அதுக்கு," என்றேன் நான். அறையே சிரித்தது. நல்லதொரு பதிலடி கொடுத்துவிட்ட சந்தோஷம் எனக்கு அன்று முழுவதும் இருந்தது.

"நீங்க ஒருக்கா வெளிய வந்து பாருங்க," என்றார் அவர். நாலடி தூரத்தில் வாசல். யாரும் எழவில்லை. அவருடைய பக்கத்தை எடுத்துவிடுவது, நாற்பதையும் திரும்ப அளப்பது என்று தீர்மானம். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நோட்டு மட்டும் கடையிலேயே கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. என் ஆபீஸைத் திட்டிக்கொண்டே மேசையைத் தூக்கிக் கடை வாசலில் போட்டோம். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் ஒரு குப்பியை மாட்டினேன். பின்னறையில் அசையாமல் கிடந்த முள் விருட்டென்று எகிறியது. செக்ரட்டரி குனிந்து உள்ளங்கையால் மூடினார். இறங்கியது. கையை எடுத்தார். ஏறியது.

நாங்கள் சுரண்டி எறிந்த கறுப்புச் சாயம் வேறெதற்கும் இல்லை, வெளிச்சத்தை மறைக்கத்தான். செக்ரட்டரி நிமிர்ந்தார்.

"நான் அப்பவே நெனச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்றால், ஒன்றும் இல்லை.

"அவன் நோட்ட எடு. ரெண்டு வரிசையும் அப்படியே போடலாம். கோயமுத்தூர்க்காரனெல்லாம் அசந்துபோவான்," என்றார். எடுத்தேன். அந்த நாற்பதின் நிழல் அளவுகளும் நாங்கள் பின்னறையில் திரும்ப எடுத்த அளவுகளும் முள் பிசகாமல் ஒத்துப்போயின. எங்கள் ஏழு பேரின் வேலையைவிடச் சுத்தமான வேலை.

அச்சுக்கு ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பக்கத்தின் அடியில், அளந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில், செக்ரட்டரி சொல்லச் சொல்ல எழுதினேன்: கண்ணாடி மேல் ஒளி பட்டால் கசிவு கூடும் என்பதை இச்சங்கத்தின் செயலாளர் கண்டறிந்தார். எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழவில்லை. முதல் பக்கத்தில் 'எழுதித் தொகுத்தவர்' என்று என் பெயர் இருந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

சைக்ளோஸ்டைல் மை காயும் முன்பே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அவர் மூட்டையை இறக்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்து வாங்கினார். நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"இது எம்பட அளவுதானுங்களே."

"ஆமா."

அடியில் இருந்ததைப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், நேரம் பிடித்தது.

"அடுத்த தடவ அடிக்கறப்ப உம்பட பேரப் போட்டுரலாம்," என்றேன். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

"கையெழுத்து உங்களுதுங்களா?"

"ஆமா."

"நல்லா இருக்குதுங்க." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "இதக் கொண்டுபோயி மொதலாளிகிட்டக் காட்ட முடியாதுங்க. காட்டுனா, திருடுனயான்னு கேப்பாரு. நீங்களே வெச்சுக்கங்க."

திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தார். இரண்டு பேர் அடுத்த மூட்டையை ஏற்றினார்கள்.

என்னிடம் இருப்பது அந்தப் பிரதிதான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தவிடு அப்பிய விரல் தடம் இருக்கிறது. மோட்டார் பக்கம் அவர் கடைசிவரை போகவில்லை. நான் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் கொல்லங்கோட்டுக்கு சைக்கிள் மிதித்தேன். செக்ரட்டரி வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தேன்.