பதினாறு மீற்றரில் ஒரு சண்டை

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன்னால் நான் என் கணவரோடு சண்டை பிடித்தேன். டென்மார்க்கில் வீபோர்க் பக்கத்து ஏரி ஒன்றில், பதினாறு மீற்றர் ஆழத்தில், நாலு டிகிரித் தண்ணீருக்குள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பேசுவது? வாயில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர். அதைக் கழற்றிவிட்டுத் திட்டினால் திட்டுவதற்கு மூச்சு இருக்காது.

இருபத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் பிடித்த சண்டைகளில் மிகக் குறுகியது அதுதான். ஒரு நிமிடம் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரமாக எனக்கு வேறு எதையும் எழுத வரவில்லை.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஐம்பது வயது முடிந்த கையோடு நான் ஸ்கூபா டைவிங் படிக்கப் போனேன். மற்றவர்கள் அந்த வயதில் யோகா தொடங்குவார்கள். எனக்கு யோகா சரிவரவில்லை. கண்ணை மூடினால் நித்திரை வந்துவிடும்.

"தங்கச்சி, உந்த ஏரிக்குள்ள கீழ என்ன கிடக்கு?" — கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அண்ணை கேட்டார்.

"சேறு, அண்ணை."

"மீன்?"

"எப்பவாவது ஒண்டு வரும்."

"அதை மேல இருந்து தூண்டில் போட்டுப் பிடிச்சா என்ன?"

நியாயமான கேள்விதான். வெயில் நாட்டுக் கடல் என்றால் பவளப்பாறை, கலர் கலராக மீன் என்று ஏதாவது சொல்லலாம். டென்மார்க் ஏரிக்குள் என்ன இருக்கிறது? பத்து மீற்றருக்குக் கீழே இருட்டு. டோர்ச் வெளிச்சத்தில் பச்சைத் தூசி. அதற்கும் கீழே இன்னும் குளிர்.

ஆனால் நான் ஹோர்சன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எட்டு மணித்தியாலமும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு அறையில் தண்ணீர், ஒரு அறையில் குளிசை, ஒரு அறையில் ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டேன் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் போன் அடிக்கும். தண்ணீருக்கடியில் என்னை ஒருத்தரும் கூப்பிட முடியாது. அந்த நாற்பது நிமிடத்துக்காக நான் எந்தக் குளிருக்குள்ளும் இறங்குவேன்.

தவிர, எனக்கு அது நன்றாக வருகிறது. தன்னடக்கம் எனக்குப் பழக்கமில்லை. நான் நல்ல டைவர்.

டைவிங்கில் தனியாக இறங்கக்கூடாது. ஆளுக்கொரு துணை வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போகவேண்டும். நான் பதிவு செய்த அன்று என் கணவர் குணம், "நீர் தனியப் போறதோ?" என்று கேட்டு, தானும் பெயரைக் கொடுத்துவிட்டார். மனுஷன் ஒரு கிடங்கில் வேலை செய்கிறவர். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டார், மறுக்கவும் மாட்டார். வீடு மாறுகிற ஆட்களுக்கு அலுமாரி தூக்க, கலியாண வீட்டில் கதிரை அடுக்க, எல்லாவற்றுக்கும் முதல் கூப்பிடு குணத்துக்குத்தான். எப்போது கேட்டாலும் "பிரச்சினை இல்லை."

நல்ல துணை என்று நினைத்தேன். மூச்சும் குறைவாகத்தான் எடுப்பார். ஒரே அளவு சிலிண்டரோடு இறங்கினால், ஏறும்போது என்னுடையதைவிட அவருடையதில் காற்று கூடுதலாக மிஞ்சும்.

எங்கள் டைவிங் கிளப்பில் மூத்தவர் பெண்டே. அறுபத்துமூன்று வயது, ஒல்லியான டேனிஷ் பெண்மணி, சிலிண்டரை ஒரு கையால் தூக்குவார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது நீச்சல் இல்லை. ஒரு விதி. யாரும், எந்த நேரத்திலும், எந்த டைவையும் நிறுத்தலாம். பெருவிரலை மேலே காட்டினால் போதும், எல்லோரும் மேலே ஏறவேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் கேட்கவும் கூடாது.

கேட்கவே கூடாதாம்! நம்முடைய ஆட்களிடம் இது நடக்குமா? ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழும்பிப் பாருங்கள். வாசலுக்குப் போவதற்குள் பதினைந்து பேருக்குக் காரணம் சொல்லவேண்டும். ஒரு சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுத்தான் விடுவார்கள். வேண்டாம் என்பது நம்மிடையே ஒரு பதிலே இல்லை... பேச்சின் தொடக்கம்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இந்தக் கோடையில் கிளப் நோர்வேக்குப் போகிறது. மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி. எனக்கு ஒரு வருட ஆசை. ஆனால் அதற்கு முன்னால் வீபோர்க் ஏரியில் இருபத்திரண்டு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் ஒரு பழைய படகுவரை போய் ஒழுங்காகத் திரும்ப வேண்டும். முன்பு இரண்டு தடவை போய்ப் படகைக் காணாமல் வந்தேன். ஒரு தடவை தண்ணீர் கலங்கியிருந்தது. மற்றத் தடவை என் காது வலித்தது. இது மூன்றாவது.

இவ்வளவு குளிரில் ட்ரை சூட் போடுவோம். உள்ளே தடித்த உடுப்பு, வெளியே தண்ணீர் புகாத சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர். அந்த ரப்பருக்குக் கீழே ஒரு தலைமயிர் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும். பெண்டே வழக்கம்போலக் கேட்டார், "மணிக்கூடு, சங்கிலி, ஒன்றும் இல்லைத்தானே?" இருவரும் இல்லை என்றோம்.

இறங்கினோம். முன்னால் பெண்டே, பின்னால் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். ஐந்து மீற்றரில் குணத்தைப் பார்த்து விரலை வட்டமாக வைத்துக் காட்டினேன். சரியா என்று அர்த்தம். அவரும் வட்டம் காட்டினார். பத்தில் கேட்டேன். வட்டம். பன்னிரண்டில் வட்டம்.

பதினாறில் கேட்டபோது, நான் கையைத் தூக்கி முடிப்பதற்குள் அவர் வட்டத்தைக் காட்டிவிட்டார்.

அந்த அவசரம் எனக்குத் தெரியும். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால் வாயில் வைக்க முன்னமே "காணும், காணும்" என்பார் பாருங்கள், அதே அவசரம்.

டோர்ச்சை அவர் பக்கம் திருப்பினேன். வாயிலிருந்து குமிழிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. காற்று எவ்வளவு என்று சைகையில் கேட்டேன். காற்றழுத்த மீற்றரைத் தூக்கிக் காட்டினார். என்னிடம் நூற்றைம்பது. அவரிடம் தொண்ணூறு.

குளிர்ந்த தண்ணீரில் மூச்சு வாங்கினால் ரெகுலேட்டர் உள்ளே உறைந்துபோகலாம். உறைந்தால் காற்று தன்பாட்டில் பீறிட்டுக்கொண்டு வெளியே போகும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சிலிண்டர் காலி. இதைப் பெண்டே எங்களுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பதினாறு மீற்றரில், ஒரு இருட்டுக்குள், என் மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு எனக்கு வட்டம் காட்டுகிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு அவரை நினைத்துக் கவலை வரவில்லை. படகைத்தான் நினைத்தேன். இன்னும் ஆறு மீற்றர்! மூன்று நிமிடம்! தொட்டுவிட்டு ஏறிவிடலாமே என்று ஒரு புத்தி சொன்னது. அந்தப் புத்தியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெருவிரலை மேலே காட்டினேன்.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கையால் கீழே காட்டினார். படகு, படகு. நான் மறுபடியும் மேலே. அவர் மறுபடியும் வட்டம். நான் முகமூடியோடு முகமூடி முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பெருவிரலை அவருடைய மூக்குக்கு முன்னால் நீட்டினேன். வீட்டில் அப்படி நீட்டியிருந்தால் அயலட்டை கூடியிருக்கும்.

பெண்டே திரும்பிப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். தானும் விரலை உயர்த்தினார். அவ்வளவுதான், எல்லோரும் ஏறத் தொடங்கினோம்.

ஏறும் வழியில் ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். குணத்தின் கையைப் பிடித்தேன். சூட்டின் கை தண்ணீர் நிரம்பிக் கனத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல், சூட்டுக்கு மேலே கட்டியிருந்த டைவிங் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குள் தொங்கினேன். முருகா, இந்த மனுஷனை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் நினைத்தேன்.

கரைக்கு வந்ததும் பெண்டே ஒன்றும் கேட்கவில்லை. சூட்டைக் கழற்ற உதவினார். வலது கையிலிருந்து தண்ணீர் ஊற்றியது. நெஞ்சுவரை நனைந்திருந்தது. மணிக்கட்டில், ரப்பர் இருந்த இடத்தில், முடிச்சு முடிச்சாக ஒரு மஞ்சள் நூல்.

கௌரிக் காப்பு.

எங்கள் வீட்டில் கேதாரகௌரி விரதம் பிடிக்கிறவர் அவர்தான், அதுவும் போன வருடம்தான் தொடங்கினார். எனக்குப் பசி தாங்காது. இருபத்தொரு நாள் விரதம் இருந்து, தீபாவளியோடு கோயிலில் கட்டுகிற காப்பு அடுத்த வருட விரதத்தில்தான் கழலும். போன வருடம் நாங்கள் கடைசியாக ட்ரை சூட் போட்டது அந்த விரதத்துக்கு முன்னால்; குளிர்காலம் முழுக்க நீச்சல் தடாகத்தில்தான் பயிற்சி. மணிக்கூடு, சங்கிலி என்று பெண்டே கேட்டபோது என் மனுஷனுடைய கணக்கில் காப்பு இரண்டிலும் சேர்த்தி இல்லை.

பெண்டேயின் விதியை நான் அந்த இடத்திலேயே முறித்தேன்.

"ஏனப்பா சொல்லேல்லை?"

"ஒரு நூல்தானே எண்டு நினைச்சன்." பல்லோடு பல் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப தண்ணி வரத் தொடங்கினது?"

"அஞ்சு மீற்றரில."

"அஞ்சிலயோ! பிறகேன் ஓக்கே ஓக்கே எண்டு காட்டினனீங்கள்?"

"நீர் அந்தப் படகைப் பாக்கோணுமெண்டு நிண்டனீர். என்னால ஏன் குழம்பவேணும்?"

என்ன சொல்வது இந்த ஆளை? கட்டிப்பிடிப்பதா, நாலு கேள்வி கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பெண்டே நாகரிகமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்தான் கார் ஓட்டினேன். ஹீட்டரைக் கடைசிவரை திருப்பி விட்டேன். குணம் போர்வைக்குள் இருந்துகொண்டு பிளாஸ்கில் தேநீர் குடித்தார். பாதி வழி தாண்டியாயிற்று. பிறகு, ஏதோ கடையில் பால் வாங்க மறந்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னார்.

"இஞ்சேரும். எனக்கு உந்த டைவிங் துப்பரவா விருப்பமில்லை."

"இண்டைக்கு நடந்ததாலயோ?"

"இல்லை. முதல் நாளில இருந்து."

இரண்டு வருடம்! இரண்டு சூட்! கிளப் கூட்டத்துக்கெல்லாம் என்னோடு வந்து, தேர்வு எழுதி, டேனிஷில் வாய்மொழிப் பரீட்சைக்கும் பதில் சொன்ன மனுஷன்! எனக்கு வந்த கோபத்துக்கு வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டியிருப்பேன்.

"நான் ஒவ்வொரு கிழமையும் கேட்டனான்தானே, சனி போவமோ எண்டு?"

"கேட்டனீர். கேக்கேக்க பையையும் அடுக்கிக்கொண்டுதான் நிண்டனீர்."

உண்மைதான். என் கேள்விகளுக்கு ஒரே விடைதான் வரும் என்று நான் நம்பியிருந்தேன். அது வந்துகொண்டும் இருந்தது. வேலையிடத்தில் எண்பது வயதுக்காரர் சிரிக்கும்போது எங்கே நோகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, வீட்டில் இருந்தவரைப் பார்க்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவரிடமும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு எதுதான் விருப்பம்?" என்று கேட்டேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு ரவுண்டபௌட் தாண்டிப் பதில் வந்தது.

"கரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறது."

போன சனிக்கிழமை அதே ஏரி. குணம் மடக்குக் கதிரையில், காதுவரை தொப்பி இழுத்துக்கொண்டு, இரண்டு பிளாஸ்க் தேநீரோடும் நாற்பது ரோல்ஸோடும் இருந்தார். ரோல்ஸ் அவரே செய்தது. கிளப்பில் இரண்டு வருடமாக என்னோடு ஹாய் மட்டும் சொன்னவர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்று, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதைத்தார்கள்.

நான் பெண்டேயோடு இறங்கினேன். இருபத்திரண்டு மீற்றர். படகைப் பார்த்தேன். கரும்பலகை நிறத்தில், பாதி சேற்றுக்குள் புதைந்த ஒரு துடுப்புப் படகு. உள்ளே ஒரு மீன், அதுவும் சின்னது, என் டோர்ச்சைப் பார்த்துவிட்டு அசையாமல் இருந்தது. அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், மிக அழகாக இருந்தது.

நோர்வேக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பெண்டே அங்கே புதியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், என்னோடு இறங்க அவருக்கு நேரம் இராது. ஆகவே வாசகர்களே, மணமகன் தேவை பகுதிக்குப் போவதற்கு முன்னால் இதையும் ஒருமுறை படியுங்கள்.

ஹோர்சன்ஸைச் சேர்ந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நோர்வே ஏரியில் இறங்க டைவிங் துணை தேவை. ஆண், பெண் இருபாலாரும் தொடர்புகொள்ளலாம். ஊர், சமயம், சாதகம் பார்ப்பதில்லை. டைவிங் சான்றிதழோடு ஒரேயொரு தகுதி கட்டாயம் இருக்கவேண்டும்: "எனக்கு ஏலாது" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.